ஓடுகிற மெஷினில் கை வைக்கலாமா? ரிக், டிப்பர், எக்ஸ்கவேட்டர் பராமரிப்பு பற்றி

பிப்ரவரி 11, மாலை (தருமபுரி நண்பரின் கேள்வி)

போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறேன். கம்ப்ரசர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கணக்கு வந்துவிட்டது என்று சர்வீஸ் செய்தோம். அதுவரை ஒரு சொட்டு ஆயில் கசியாத வண்டி, மறுநாள் போர் போடும் பாயின்ட்டில் ஆயில் ஹோஸ் கழன்று நின்றுவிட்டது. எங்கள் பழைய மெக்கானிக் எப்போதும் சொல்வார், ஓடுகிற மெஷினில் கை வைக்காதே, நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர் சொன்னதுதான் சரி என்கிறேன். மறுப்பவர்கள் பேசலாம்.

பிப்ரவரி 11, இரவு

பாதி மறுக்கிறேன்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கல்குவாரிப் பட்டறையில் எக்ஸ்கவேட்டரும் டிப்பரும். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான். சர்வீஸ் முடித்து அனுப்பிய வண்டியிலிருந்து போன் வருவதென்றால் முதல் ஓரிரு நாளில் வந்துவிடும். அதைத் தாண்டிவிட்டால் நெடுநாளைக்குச் சத்தமே இருக்காது. வந்த போன்களின் காரணமும் பெரும்பாலும் ஒரே ஜாதி: கிளாம்ப் முழுதாக முறுக்கப்படவில்லை, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் பிசகி உட்கார்ந்தது, ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டது தெரியாமல் அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றியது. கடைசியாகச் சொன்னது ஸ்டார்ட் செய்ததும் காட்டாது. பிரஷர் ஏறி, சூடாகி, பிறகு ஒரேயடியாகப் பீய்ச்சும்.

அதனால் உங்கள் மெக்கானிக் பார்த்தது பொய்யல்ல. அதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் எனக்குச் சண்டை.

பிப்ரவரி 12

அவருக்குச் சாதகமான ஒரு சாட்சியை நானே கொண்டுவருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப்படை, ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாட லிபரேட்டர் விமானங்களை வைத்திருந்தது. 50 மணி நேரம் பறந்தால் ஒரு பரிசோதனை. ஆனால் பறக்காமல் பட்டறையில் கிடப்பவை ஏராளம். கணக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சி. எச். வாடிங்டன். மெக்கானிக் அல்ல, கோழிக் கருவை ஆராய்ந்த உயிரியலாளர். பரிசோதனை முடிந்து எத்தனை மணி நேரத்தில் பழுது வருகிறது என்று அவர்கள் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். பரிசோதனை முடிந்த உடனே பழுது உச்சத்தில் இருந்தது, பறக்கப் பறக்கக் குறைந்தது, அடுத்த பரிசோதனை முடிந்ததும் மறுபடி ஏறியது. பரிசோதனை நல்லது செய்திருந்தால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இடைவெளியை நீட்டினார்கள், தேவையில்லாத வேலைகளை வெட்டினார்கள், பறக்கும் நேரம் கூடியது.

உங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

அதற்குள் ஒருவர் "அப்போ ஆயில் மாற்ற வேண்டாமா அண்ணா" என்று கேட்டுவிட்டார். தம்பி, அவர்கள் இடைவெளியை நீட்டினார்கள். கடையை மூடவில்லை. ஆயிலை மாற்றுங்கள்.

பிப்ரவரி 14

விமானத்தில் ஆரம்பித்ததால் இன்னொன்றையும் முடித்துவிடுகிறேன். யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானத்தின் பாகங்கள் எந்த வயதில் கெடுகின்றன என்ற ஆய்வு. "இத்தனை மணி நேரம் ஓடினால் மாற்றிவிடு" என்ற விதியால் பயன்பெறக்கூடிய பாகங்கள் சுமார் 11 சதவீதம்தான். மற்றவை வயது பார்த்துக் கெடுவதில்லை. புதிதாக மாட்டிய தொடக்கத்தில்தான் அதிகம் கெடுகிறது, அதைத் தாண்டினால் ஒரே சீராக ஓடுகிறது என்ற வகை மட்டும் 68 சதவீதம்.

பராமரிப்புப் பயிற்சி நடத்துபவர்கள் இந்த எண்ணை எங்கு பார்த்தாலும் போடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அது வானத்தில் பறக்கும் பொருளின் கணக்கு. நம்முடைய வண்டி புழுதியையே சுவாசித்து, கருங்கல்லில் அடித்துக்கொண்டு நிற்கிறது. பக்கெட் பல், செயின் ரோலர், பாறையைக் குத்தும் ஹேமரின் பிஸ்டன், அதன் நுனியில் இருக்கும் பிட்டின் பட்டன் (பாறையில் படும் கெட்டி உலோகக் குமிழ்) எல்லாம் ஓடிய அளவுக்குத் தேயும். இவற்றுக்கு வயது உண்டு. ஆனால் ஹைட்ராலிக் பம்ப், கம்ப்ரசரில் காற்றை அழுத்தும் ஏர் எண்ட், சென்சார், வயரிங் ஆகியவற்றுக்கு அந்த அறிக்கை பொருந்தும் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. நன்றாக ஓடும் பம்ப்பை "10,000 மணி ஆச்சு" என்று பிரித்துப் போட்டவர் யாரும் லாபம் பார்த்ததை நான் கண்டதில்லை.

பிப்ரவரி 15

"சரி, எதில் கை வைப்பது, எதில் வைக்கக்கூடாது, அதைச் சொல்லுங்கள்" என்கிறார் தருமபுரி நண்பர். நியாயம்.

நான் பிரித்துக்கொள்வது இப்படி. உடைந்தால் உடையட்டும் என்று விடுவது முதல் கூறு: ஒர்க் லைட், சீட், கேபின் ஃபேன். உதிரி ஒன்று வண்டியில் இருந்தால் போதும். இரண்டாவது கூறு, கணக்கு வைத்து மாற்றுவது: இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர், கம்ப்ரசர் ஆயில், பெல்ட். மூன்றாவது கூறுதான் பெரியது, பிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது. ஏர் எண்டின் வெப்பம், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செப்பரேட்டரின் இரண்டு பக்கப் பிரஷர் வித்தியாசம், ஹைட்ராலிக் டேங்க் ஆயிலின் நிறம், பேரிங் சத்தம், புகையின் நிறம்.

பிட் ஒரு நல்ல உதாரணம். பட்டனின் தலையில் தேய்ந்த தட்டை, பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் கிரைண்ட் செய்ய வேண்டும். இதில் இத்தனை அடி ஆழம் போட்டால் என்ற கணக்கும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. சேலம் பக்கத்துப் பாறையில் ஓடிய பிட்டும் ராய்ச்சூர்ப் பாறையில் ஓடிய பிட்டும் ஒரே ஆழத்துக்கு ஒரே மாதிரி தேயாது. ராடு கழற்றும்போது பிட்டைப் பார்க்கப் போகிறோம், அந்த நேரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் முடிந்தது. பார்க்காமல் தட்டை பட்டனோடு அடித்துக்கொண்டே போனால் பட்டன் தெறிக்கும், குழிக்குள் கிடக்கும் அந்தத் துண்டு மற்ற பட்டன்களையும் உடைக்கும்.

ஹேமருக்கு ஆயில் போகும் லைன் ஆயிலர் காலியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்க்காவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும்.

பிப்ரவரி 15, இரவு

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? இதற்குப் புத்தகத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு பழுது முதல் அறிகுறி காட்டும் நாளுக்கும், மெஷின் நிற்கும் நாளுக்கும் நடுவே எவ்வளவு அவகாசம்? அதில் பாதிக்குள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பேரிங் சத்தம் வந்த பிறகு நான்கு வாரம் தாங்கும் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காது கொடுத்தால் போதும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, அதனால் தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பது நமக்கு வசதி. மெஷினுக்கு அந்த வசதி தெரியாது.

பிப்ரவரி 17

ஏர் ஃபில்டர் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். மனம் விட்டுத் திட்ட ஒரு வாய்ப்பு.

ரிக்கில் இருக்கிற கம்ப்ரசர் 300 பி.எஸ்.ஐ.க்கு (பிரஷரின் அளவு) மேல் காற்றுத் தள்ளும். பக்கத்திலேயே அவ்வளவு காற்று இருந்தால் ஹெல்பர் பையன் என்ன செய்வான்? தினமும் சாயங்காலம் ஃபில்டரைக் கழற்றி அதிலேயே ஊதுவான். ஃபில்டர் பேப்பருக்கு 30 பி.எஸ்.ஐ.யே அதிகபட்சம். அதுவும் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஆயில் கலந்திருப்பது வேறு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பேப்பரில் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். அதன் வழியாகப் போகும் கல்தூள் டர்போவையும், பிஸ்டன் ஓடும் குழலான லைனரையும் தின்னும்.

தினமும் கழற்றுவதே தேவையில்லாத வேலை. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கொஞ்சம் தூசு சுத்தமான பக்கம் விழுகிறது. லேசாகத் தூசு படிந்த ஃபில்டர் புத்தம்புது ஃபில்டரைவிட நன்றாகவே வடிகட்டும். பக்கத்தில் ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும், அது சிவப்பு காட்டினால் திறந்தால் போதும். எங்கள் வண்டிகளில் பாதிக்கு மேல் அது உடைந்து கிடந்தது. அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு ஃபில்டர் விலைகூட இல்லை. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இதில் உங்கள் மெக்கானிக் கட்சிதான் நான்.

பிப்ரவரி 18

லாக் புக் வைத்தால் போதுமா என்று கேட்டவருக்கு: எங்களிடமும் ஒரு லாக் புக் இருந்தது. மாதம் முழுக்க ஏர் எண்ட் வெப்பம் 92 டிகிரி. மத்தியானமும் 92, விடியற்காலையும் 92, வண்டி மழைக்கு நின்ற நாளும் 92. ஒரே பேனா, ஒரே சாய்வு.

அதன் பிறகு எண் எழுதச் சொல்வதில்லை. மீட்டர் போர்டை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு என்று சொல்லிவிட்டோம். அதில் நேரம் தெரியும், வண்டி ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் தெரியும், எந்த மீட்டர் வேலை செய்யவில்லை என்பதும் தெரியும்.

பிப்ரவரி 21

ஆயில் டெஸ்ட். பழைய ஆயிலைச் சிறு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கான், சோடியம் எவ்வளவு என்று பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எழுதித் தருவார்கள். சிலிக்கான் ஏறினால் தூசு. சிலிக்கானோடு இரும்பும் சேர்ந்து ஏறினால் அந்தத் தூசு உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது. சோடியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் நீர்த்துப்போனால் டீசல் இறங்குகிறது. மெஷினைப் பிரிக்காமலேயே உள்ளே எட்டிப்பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

பிடிக்கும் விதம் முக்கியம். இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். டிரெயின் பிளக்கில் முதலில் வரும் ஆயிலைப் பிடித்தால் அடியில் கிடந்த வண்டல் எல்லாம் வந்து ரிப்போர்ட் பயமுறுத்தும். பெப்சி பாட்டிலைக் கழுவிப் பிடிப்பது வேண்டாம்.

ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே வண்டியின் முந்தைய ரிப்போர்ட்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பேசும்.

பிப்ரவரி 22

மேலே "சிலிக்கான் ஏறினால் தூசு" என்று ஒரே போடாகப் போட்டிருந்தேன். கரூர் நண்பர் பிடித்துவிட்டார். அவர் வண்டி இன்ஜின் வேலை முடிந்த கையோடு எடுத்த டெஸ்டில் சிலிக்கான் எகிறியிருக்கிறது, இரும்பு ஏறவில்லை. அது தூசு இல்லை. இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்ப்பை மூடும்போது தடவும் சிலிக்கான் பேஸ்ட் ஆயிலில் கரைந்து வருவது. அடுத்தடுத்த ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கும். ஏர் ஹோஸை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள், இன்ஜினைத் திரும்பப் பிரிக்க வேண்டாம்.

பிப்ரவரி 26

தண்ணீர். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வண்டியின் ரேடியேட்டருக்கு என்ன ஊற்றுகிறோம்? அப்போதுதான் கொப்பளித்து வந்த போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர். ஊற்றும்போது, ரிக்கை இயக்கும் டிரில்லருக்குப் பெருமை வேறு.

உப்பு படிந்து சூடேறுவது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது லைனர் ஓட்டை. பெரிய டீசல் இன்ஜினில் லைனரின் வெளிப்பக்கம் கூலன்டில் நனைந்து நிற்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும். அந்த அதிர்வில் கூலன்டில் நுண்ணிய குமிழிகள் உண்டாகி லைனர் மேல் உடையும். உடைந்து உடைந்து இரும்பைக் கொத்தி எடுக்கும். கூலன்டில் இருக்கும் ரசாயனம் லைனர் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் படலம் இல்லை. பிரித்துப் பார்த்தால் வெளிப்பக்கம் அம்மைத் தழும்பு போலக் குழி இருக்கும், ஒரு குழி உள்ளே வரை போயிருக்கும், ஆயிலில் தண்ணீர்.

இங்கே "நின்றால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது எடுபடாது. நிற்கும்போது இன்ஜினே போயிருக்கும். கூலன்ட் கேன் ஒன்றும், கலக்க நல்ல தண்ணீரும் சப்போர்ட் லாரியில் இருக்கட்டும்.

மார்ச் 2

குவாரி நண்பர் ஒருவர், "டிப்பருக்கும் இதே கொள்கையா? பிரேக்கும் நின்றால் பார்த்துக்கொள்ளலாமா?" என்று குத்தலாகக் கேட்கிறார். பிரேக், ஸ்டீயரிங், டயர், டிப்பர் பாடியைத் தூக்கும் ஜாக், கம்ப்ரசர் ஹோஸைக் கட்டும் சேஃப்டி செயின், கம்ப்ரசர் காற்றைத் தேக்கும் ரிசீவர் டேங்கின் சேஃப்டி வால்வு எதுவும் இந்த விவாதத்துக்குள் வராது. இவை கெட்டால் நிற்பது மெஷின் அல்ல, ஆள். இவற்றைத் தேதி போட்டுத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அதேசமயம் கைபட்டதால் வரும் ஆபத்து இவற்றில்தான் அதிகம். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும், ஏனென்றால் பெயின்ட்டும் துருவும் நசுங்கி நட்டு இளகும். பைப்பைச் செருகி ஆள் ஏறி மிதிப்பது டைட்டு ஆகாது, ஸ்டட் இழுபட்டுப்போகும். அளவு வைத்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள்.

இன்னொன்று. ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனைக் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கிறார்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பிரஷரில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விரலையோ கையையோ எடுக்கும்படி ஆகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 3

தருமபுரி நண்பரின் ஹோஸ் கதை இப்போதுதான் முழுசாக வந்தது. கிளாம்ப் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஹோஸை வெளியே கடையில் புதிதாக வெட்டி, முனையில் இணைப்பு ஃபிட்டிங் அழுத்தி வாங்கியிருக்கிறார்கள், அந்த ஃபிட்டிங்தான் கழன்றது. அப்படியானால் மெக்கானிக் மேல் குற்றமில்லை. நான் முதல் நாள் கிளாம்ப் என்று இழுத்தது அவருக்குப் பொருந்தாது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். பழைய ஹோஸை ஏன் மாற்றினீர்கள்? வெடிப்பு, உப்பல், உரசல் ஏதாவது? "சர்வீஸ் செய்கிறோமே, இதையும் மாற்றிவிடலாம் என்று" என்கிறார். அங்கேதான் வந்தது வினை. ஹோஸ் வெட்டும்போது உள்ளே விழும் ரப்பர்த் தூளை ஊதிச் சுத்தம் செய்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆயில் ஃபில்டரை முன்கூட்டியே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கழற்றிய வாயில் பனியன் வேஸ்டைத் திணித்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். அது உள்ளே போய்த் தேடியவர்களைத் தெரியும். பிளாஸ்டிக் மூடி விற்கிறது.

மார்ச் 9

இந்த இழையில் எனக்கு மிகவும் வேண்டிய விஷயம் இதுவரை வரவில்லை. மழைக்கால ஓவர்ஹால்.

நம் தொழிலில் மழைக்கு வண்டிகள் சும்மா நிற்கும். சும்மா நிற்கிறதே என்று எல்லாவற்றையும் பிரிப்போம். ஏர் எண்ட், ஹைட்ராலிக் பம்ப், ரொட்டேஷன் மோட்டார், இன்ஜின் எல்லாம் லேத் பட்டறைக்கும் பம்ப் கடைக்கும் போய்த் திரும்பும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில். பட்டறைகளிலும் கூட்டம், அவசரம். பிறகு சீசன் தொடங்கும் வாரத்தில் எல்லாம் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் கிளம்பும். வாடிங்டன் கண்ட அந்த உச்சத்தை நாமே எல்லா வண்டிக்கும் ஒன்றாகச் சேர்த்து, உதிரி கிடைக்காத ஊரில், வருமானம் அதிகமான வாரத்தில் வரவழைக்கிறோம்.

எங்கள் முதலாளியிடம் இதைப் பேசி இரண்டு மாற்றம் செய்தோம். வாட்ஸ்அப் படங்களும் ஆயில் ரிப்போர்ட்டும் குறை சொல்லாத பாகத்தை மழைக்காலத்தில் பிரிப்பதில்லை. பிரித்த வண்டி எதுவானாலும் ஊரைச் சுற்றி சில போர் போட்டு, முழு பிரஷரில் ஓடி, மறு டைட்டு வைத்து, ஆயில் ஃபில்டரை வெட்டி உள்ளே உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெளிமாநிலம். முதலாளிக்கு முதலாவதில் சந்தோஷம், செலவு மிச்சம். இரண்டாவதில் முணுமுணுப்பு, உள்ளூர் ரேட்டுக்கு வண்டி ஓடுகிறது என்று. டிரில்லர்களுக்கு நேர்மாறு. உள்ளூரில் ஓடினால் வீட்டுச் சாப்பாடு.

மார்ச் 10

சென்சார் வைத்து போனிலேயே எல்லாம் காட்டும் கருவி வாங்கலாமா என்ற கேள்விக்கு: ஜேசிபியில் லைவ்லிங்க் கம்பெனியிலேயே வருகிறது, அதைத் திறந்து பார்க்காதவர்களே அதிகம். இருப்பதை முதலில் பாருங்கள். பழைய ரிக்குக்கு வெளியே வாங்கி மாட்டுவதென்றால் ஏர் எண்ட் வெப்பம், இன்ஜின் ஆயில் பிரஷர், கூலன்ட் அளவு மூன்றுக்கும் தானாக இன்ஜினை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் அலாரம் அடித்து என்ன பயன், டிரில்லர் அதை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

செகண்ட் ஹேண்ட் ரிக் வாங்குவதைப் பற்றிக் கேட்டவர்கள் தனி இழை போடுங்கள். இங்கே ஆரம்பித்தால் முடியாது. ஹவர் மீட்டரை நம்பாதீர்கள் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.